வேலி தந்த பழம்

பிளாக்பெரிக் கொத்தில் நுனிப்பழம்தான் முதலில் கறுக்கும். மேற்கு லண்டனில் ஹோர்செண்டன் குன்றின் அடியில் ஓடும் கால்வாய்க் கரையில் ஜூலைக் கடைசியில் நடந்தால் இதைக் காணலாம். நுனியில் ஒன்று மட்டும் கறுத்துப் பருத்து நிற்கும். அதற்குப் பின்னால் சிவந்த செங்காய்கள், அவற்றுக்கும் பின்னால் பச்சைப் பிஞ்சுகள், கொத்தின் அடியில் இன்னும் இதழ் உதிராத வெள்ளைப் பூ. ஓகஸ்ட் முழுவதும், செப்டெம்பரிலும், கொத்து நுனியிலிருந்து அடிநோக்கிப் பழுத்துக்கொண்டே வரும். எல்லாவற்றிலும் பெரியதும் இனிப்பானதும் அந்த முதற்பழம்தான். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நின்ற இடத்திலேயே தின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று கிழமை கழித்துப் பழுப்பவை அடுப்புக்கு. கடைசியில் வருபவை சிறுத்து, விதை மலிந்திருக்கும். அவற்றை அப்பிளோடு சேர்த்து வேகவைத்தால்தான் உண்டு. ரிச்சர்ட் மேபி 1972இல் எழுதிய 'ஃபூட் ஃபார் ஃப்ரீ' நூலும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கிறது.

பளபளக்கும் கறுப்பை நம்பக்கூடாது. அது இன்னும் புளிப்பு. மினுக்கம் சற்று மங்கி, மணிகள் பொருமியிருக்கும்போது விரல் பட்டதும் கையோடு வருவதுதான் பழம். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஆய்ந்த பிறகு இது பழுக்காது. மாங்காயை வைக்கோலில் மூடிப் பழுக்கவைக்கும் வித்தை இங்கே பலிக்காது. ஒவ்வொரு மணியும் தனக்கென ஒரு விதை கொண்ட தனிக் கனி. அப்படிப் பல கனிகள் ஒரு வெள்ளைத் தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் நாம் ஒரு பழம் என்கிறோம். ராஸ்பெரியை ஆய்ந்தால் அந்தத் தண்டு செடியிலேயே தங்கிவிடும், உள்ளே குழியாக இருக்கும். பிளாக்பெரி தண்டோடு வரும்.

முள் பின்னோக்கி வளைந்தது. கையை உள்ளே விடுவது சுலபம், வெளியே எடுப்பதுதான் பாடு. கையுறை போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எது பழுத்தது என்று சொல்வது விரல் நுனி, அதை மூடிவிட்டால் கண் மட்டும்தான் மிஞ்சும், கண்ணோ பளபளப்பில் ஏமாறும். முழுக்கைச் சட்டை போதும்.

நாங்கள் ஒரு செடி என்று எண்ணுவது ஒரு செடியே அல்ல. பிரித்தானியாவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட நுண்ணினங்களைத் தாவரவியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள். இந்த முட்புதர்களை ஆராய்வதற்கென்றே ஒரு தனித் துறை இருக்கிறது. பெரும்பாலானவை தாயின் அச்சாகவே விதை கட்டுகின்றன. அதனால் ஒரு வேலியில் தோன்றிய சின்ன வேறுபாடு கலந்து கரைந்துபோகாமல் அந்த வட்டாரத்தில் அப்படியே நிலைத்துவிடுகிறது. கால்வாயின் ஒரு வளைவில் பழம் நீண்டு புளிப்பாகவும், பாலத்துக்கு அப்பால் உருண்டு தேனாகவும் இருப்பதற்கு மண்ணும் வெயிலும் மட்டும் காரணமல்ல. இவற்றோடு ஒரு வந்தேறியும் உண்டு. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்பவர் இந்தியாவிலிருந்து வந்த விதையை முளைக்கவைத்து 1885இல் 'ஹிமாலயா ஜயன்ற்' என்று பெயரிட்டு விற்றார். அதன் தாய்நிலமோ ஆர்மேனியாவும் வட ஈரானும். பெயர் இமயமலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. லண்டனின் புகையிரதப் பாதையோரங்களில் பெரிய பழங்களோடு ஆளுயரத்துக்கு மேல் எழும் புதர்களில் இதையும் நிறையவே காணலாம்.

இந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உழுத நிலத்தின் நடுவில் நிற்காது. வெட்டிப் பராமரிக்கும் தோட்டத்திலும் விடமாட்டார்கள். ஒரு காணி முடிந்து இன்னொரு காணி தொடங்கும் இடம், பாதைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட கீற்று, தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒருவரும் கால்வைக்காத சரிவு, இடுகாட்டின் மூலை. முதலாண்டில் தண்டு நீண்டு வளைந்து, இலையுதிர் காலத்தில் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுவிடும். மறு ஆண்டு பூத்துக் காய்த்து அந்தத் தண்டு செத்துப்போகும், ஆனால் அதற்குள் புதர் ஒரு பாகம் நகர்ந்திருக்கும். எல்லைக்கோட்டிலேயே வாழ்ந்து எல்லையை மதிக்காத செடி இது.

வேலியைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கிளுவைக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்களை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் வேலிகளுக்குப் பின்னால் இருப்பதோ இன்னும் பெரிய கதை. 1604 முதல் 1914 வரை, பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரைக்குள், 5,000-க்கும் மேற்பட்ட தனித்தனிச் சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றிப் பொதுநிலங்களை அடைத்துத் தனிநிலங்களாக்கியது. ஊரார் மாடு மேய்த்த தரவை, விறகு பொறுக்கிய புதர்க்காடு, வாத்து மேய்ந்த சதுப்பு எல்லாம் கூறுபோடப்பட்டன. கூறுகளுக்கு நடுவே 'ஹோதோர்ன்' என்ற முட்செடியை வரிசையாக நட்டார்கள். விரைவில் அடர்ந்து மாட்டையும் ஆளையும் மறிப்பதற்காக அதைத் தேர்ந்தார்கள். பிளாக்பெரியை யாரும் நடவில்லை. வேலியில் வந்து குந்திய குருவிகள் எச்சமிட்டன, அதிலிருந்து முளைத்தது. ஆட்களை வெளியே நிறுத்துவதற்கென்று நட்ட வேலி, வெளியே நின்றவர்களுக்குப் பழம் கொடுக்கத் தொடங்கியது.

அதே காலத்தில் நீதிமன்றம் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்குவது அந்த நாட்டின் மிகப் பழைய வழக்கம். 1787இல் சஃபோக் மாவட்டத்து டிம்வர்த் என்ற ஊரில் மேரி ஹவுட்டன் என்ற பெண் அப்படிக் கதிர் பொறுக்கினார். நில உடைமையாளர் ஸ்டீல் வழக்குத் தொடுத்தார். 1788இல் தீர்ப்பு வந்தது: கதிர் பொறுக்குவதற்கு எவருக்கும் பொதுச்சட்டப்படி உரிமை இல்லை. நான்கு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். நிலத்தை அடைத்தாயிற்று, அடுத்து நிலத்தில் சிந்தியதையும் அடைத்தாயிற்று. வேலியில் காய்த்தது மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

தப்பியதைப் பின்னாளில் சட்டமே எழுத்தில் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவு அதைச் சொல்கிறது. எவருடைய நிலமானாலும், தானாக வளர்ந்த செடியிலிருந்து பூவோ பழமோ இலையோ பறிப்பதும், தானாக முளைத்த காளானைப் பறிப்பதும் திருட்டாகாது. ஒரு நிபந்தனை: விற்பதற்காகவோ கூலிக்காகவோ வேறு வணிக நோக்கத்துக்காகவோ பறித்தால் அது திருட்டு. சட்டமொழியில் இவ்வளவு அழகான பாகுபாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. பழம் ஒன்று, செடி ஒன்று, கை ஒன்று. அந்தக் கை பழத்தைச் சட்டிக்குக் கொண்டுபோனால் ஒரு நீதி, சந்தைக்குக் கொண்டுபோனால் இன்னொரு நீதி. இந்த உரிமைக்கும் வரம்பு உண்டு. வழியில்லாத காணிக்குள் இறங்குவது அத்துமீறல்தான், இயற்கைக் காப்பிடங்களுக்கும் சில பொதுவெளிகளுக்கும் தனி விதிகள் இருக்கின்றன, உரிமையாளரின் அனுமதியின்றிச் செடியை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாதையில் நின்று கைக்கு எட்டுவதை ஆய்வதுதான் இதன் உயிர்நாடி.

ஒருமுறை கால்வாய்க் கரையில் நான் ஆய்ந்துகொண்டிருக்க, கைத்தடியோடு நடந்துவந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"பிள்ளை, இது ஆற்றை காணி?"

"பொதுக் காணி ஐயா. கவுன்சில் பாக்குது."

"அப்ப பிடுங்கினா ஒருத்தரும் கேக்க மாட்டினமோ?"

"வீட்டுக்கெண்டா கேக்க மாட்டினம். விக்கிறதுக்குத்தான் ஏலாது."

அதற்குப் பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றுவிட்டு, "நாவற்பழத்தின்ரை கயர் இல்லை" என்றார். வலிகாமம் வடக்கில் தனக்கிருந்த வளவைப் பற்றிச் சொன்னார். 1990இல் விட்டுவந்தது, பிறகு இராணுவ வேலிக்குள் போய்விட்டது, அங்கே இரண்டு மாவும் ஒரு பலாவும் நின்றன. என்ன பழம், நஞ்சில்லையா, இனிக்குமா என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய நிலம் என்று கேட்ட அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். சொந்த மரத்தின் பழத்தைத் தொடமுடியாமல் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கு, பிறர் மண்ணில் ஒரு பழத்தை எடுத்துத் தின்னச் சட்டமே இடம்விடுகிறது என்பது லேசில் நம்பக்கூடிய செய்தி அல்ல. அன்றைக்கு அவர் தன் தொப்பியைக் கழற்றி அதில் நிரப்பிக்கொண்டு போனார்.

ஆய்ந்ததை என்ன செய்வது என்பதில் பழமே அவசரப்படுத்தும். வாளியில் கொட்டினால் மேற்பழத்தின் பாரத்தில் அடிப்பழம் சாறாகிவிடும். அகலமான தட்டைப் பெட்டிதான் சரி. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளில் சாம்பல் பூஞ்சணம் படரும். சுப்பர்மாக்கெட்டில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பெருத்த பிளாக்பெரி நெடும்பயணம் தாங்குவதற்கென்றே வளர்க்கப்பட்டது. அதற்கு உடம்பு இருக்கிறது, வாசனை இல்லை. வேலிப்பழத்துக்கு வாசனைதான் எல்லாம், அது பயணத்தைத் தாங்காது. சட்டம் சந்தைக்குப் போகாதே என்கிறது, பழமும் அதையே சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைப்பேன். உள்ளே சின்ன வெண்புழு ஏதும் இருந்தால் வெளியே வந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்ப வேண்டும். அந்த நேரம் கையைப் பார்த்தால் விரல் முழுக்கச் செங்கருநீலம். சவர்க்காரம் போட்டதும் அது போகாமல் நல்ல நீலமாக மாறும், பயந்துவிட வேண்டாம். தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்தால் மறுபடி சிவந்து, பிறகு கழன்றுவரும். பழத்தின் சாயம் காரம் பட்டால் நீலம், புளி பட்டால் சிவப்பு. இதே காரணத்தால்தான் ஜாமில் தேசிப்புளி விட்டவுடன் சட்டியின் நிறம் தெளிந்து எழும்பும்.

ஜாமுக்குப் பழமும் சீனியும் சம எடை. பழத்தை முதலில் தனியாக வேகவிட்டு, குழைந்த பிறகுதான் சீனி. முதலிலேயே சீனி போட்டால் தோல் இறுகிவிடும். பிளாக்பெரிக்குத் தானாக உறையும் தன்மை குறைவு, பழுக்கப் பழுக்க இன்னும் குறையும். ஆகவே நாலைந்து செங்காயையும் சேர்த்து ஆய்ந்துவருவது நல்லது. அதைவிட நல்லது பிராம்லி அப்பிள். நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி 1809இல் போட்ட ஒரு விதையிலிருந்து வந்த மரத்தின் வழித்தோன்றல் அது. பச்சையாகத் தின்ன முடியாத புளிப்பு, வெந்தால் வெண்ணெய் போலக் குழையும். பிளாக்பெரியின் பின்பருவமும் பிராம்லியின் முன்பருவமும் செப்டெம்பரில் சந்திக்கின்றன. இவை இரண்டையும் சட்டியில் கண்டால் போதும், இங்கிலாந்தில் என்ன மாதம் என்று நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை. கொதி 105 பாகையைத் தொடும்போது, குளிர்ந்த கோப்பைத்தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் ஆடை சுருங்க வேண்டும். சுருங்கினால் இறக்கிவிடலாம்.

விதை பற்றி வீடுகளில் கருத்து வேற்றுமை உண்டு. பல்லிடுக்கில் போகிறது என்பவர்கள் வெந்த பழத்தை மஸ்லின் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, சொட்டிய சாற்றை மட்டும் சீனியோடு காய்ச்சி ஜெலியாக்குவார்கள். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். அந்தப் பொறுமையின் பலனை வெளிச்சத்துக்கு எதிரே போத்தலைப் பிடித்துப் பார்த்தால் தெரியும், மாணிக்கச் சிவப்பு. நான் இந்தக் கட்சி. சக்கையை வீணாக்காமல் வினாகிரியில் ஊறவைத்து வடித்து, சீனி சேர்த்துக் காய்ச்சி வைத்துக்கொண்டால் பனிக்காலத்து இருமலுக்குச் சுடுதண்ணீரில் கலந்து குடிக்கலாம். இந்த நாட்டுக் கிழவிகளின் பழைய கைமருந்து அது. செத்தல் மிளகாய், இஞ்சி, கறுவா, கடுகு சேர்த்துச் சட்னியும் செய்வேன். அது சோற்றுக்குப் பொருந்தாது என்று என் வீட்டில் வாதம் உண்டு. பருப்பும் சோறுமாகத் தின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் என் கை தானாகப் போனது பனாட்டுப் பக்கம். ஆடி ஆவணியில் பனம்பழம் விழும் காலம், இங்கே ஈலிங் அம்மன் கோயில் தேரோடும் காலம், பிளாக்பெரி கறுக்கும் காலம் எல்லாம் ஒன்றுதான். ஊரில் பனங்களியைப் பிசைந்து வடித்துப் பாயில் தடவி, காய்ந்ததன் மேல் மறுபடி மறுபடி தடவி வெயிலில் வைப்பார்கள். லண்டன் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது. விதை நீக்கிய பிளாக்பெரிக் களியில் கொஞ்சம் தேசிப்புளியும் சீனியும் கலந்து, எண்ணெய்த்தாளில் மெல்லப் பரப்பி, அவணை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை ஒரு விரல் திறந்துவிட்டால் காலையில் போட்டது மாலையில் தோலாக உரிந்துவரும். இரண்டு பரத்தல் போட்டால் கடிக்க நன்றாக இருக்கும். பனாட்டின் அந்த மெல்லிய கசப்பு இதில் இல்லை, அதற்குப் பதிலாக நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு நிற்கிறது. பனம்பழத்தைக் கண்டறியாத பிள்ளைகளும் இதைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தின்கிறார்கள். இதை ஊரின் நகல் என்று நான் எண்ணுவதில்லை. ஒரு பருவத்தின் பெருக்கை அடுத்த பருவத்துக்குக் கடத்தும் அறிவு ஒன்றுதான், அதற்கு எந்த ஊர்ப் பழமும் ஆகும்.

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918இல் படைவீரர்களுக்கு ஜாம் காய்ச்சுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அனுப்பி பிளாக்பெரி ஆயவைத்தார்கள். சாதாரண நாட்களில் எவரும் கணக்கில் எடுக்காத வேலியோரம், நெருக்கடி வந்தபோது அரசாங்கத்தின் கண்ணிலும் பட்டது.

செப்டெம்பர் 29, புனித மிக்கேல் திருநாள். அதற்குப் பிறகு பிளாக்பெரி தின்னக்கூடாது, சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முட்புதரில் விழுந்த கோபத்தில் ஆண்டுதோறும் அன்றைக்கு வந்து துப்பிவிட்டுப் போகிறான் என்பது ஐதீகம். 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியதால், பழைய கணக்குக்காரர்கள் சாத்தானை ஒக்டோபர் 10 வரை பொறுத்திருக்க விடுவார்கள். துப்பல் பொய்யல்ல. மழை ஈரத்தில் பூஞ்சணம் ஏறும், ஈக்கள் மொய்த்து உமிழ்நீர் விட்டு உறிஞ்சும், பழம் தண்ணீராகச் சப்பென்று போகும். 2012இல் பிரித்தானியாவுக்குள் வந்த ஒருவகைப் பழ ஈ, நல்ல பழத்தையே துளைத்து முட்டையிடுகிறது. ஆகவே பிந்திய பழத்தைக் குருவிகளுக்கும் நரிகளுக்கும் எலிகளுக்கும் விட்டுவிடுவதே முறை. கொத்தையே வழித்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். பனிக்காலத்துக்கு முன் அந்தப் பிராணிகள் கொழுப்பேற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது லண்டனின் விலைமிகுந்த சில உணவகங்களில் காட்டுப் பழம், காட்டுக் கீரை என்று எழுதிப் பரிமாறுவது நாகரிகமாகிவிட்டது. உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பறித்தால் அதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் பொதுவெளியில் சாக்குக் கணக்கில் பறித்துக் கொண்டுபோய் விற்பவர்கள், வேலி தப்பவிட்ட கடைசித் துண்டையும் மறுபடி வேலிக்குள் கொண்டுவருகிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. தமிழ்ப் பள்ளியின் நிதிக்காக ஜாம் போத்தல்களை விற்கலாமா என்று தாய்மார் சிலர் கேட்டார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்றார்கள். நான் ஜாமைத் தரமாட்டேன், வேண்டுமானால் காசைத் தருகிறேன் என்றேன். கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

போத்தல்கள் தெருவுக்குள்ளேயே சுற்றுகின்றன. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பத்துக்குப் போன போத்தல் சுந்தோ என்ற மாங்காய் ஊறுகாயோடு வந்தது. பக்கத்து வீட்டுப் போலந்துக்கார அம்மா உப்பிலிட்ட வெள்ளரிக்காய் நிரப்பிக் கொண்டுவந்தார். அடுத்த முறை தனக்கு ஜெலி வேண்டாம், விதையோடு ஜாமாகவே வேண்டும் என்றார். பாணில் பூசித் தின்னும்போது பல்லில் நெரிபடவேண்டுமாம்.